வெண்கலப் பானையின் எடை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாந்துவிட்டோம் என்று பிறகு யாரும் எனக்குக் கார்டு எழுத வேண்டாம். ஜன்னலோரம் குருவி வந்து உட்கார்வதில் ஆரம்பிக்கும் கதைகளை நானும் எழுதியிருக்கிறேன். நாலு கதை அச்சிலும் வந்திருக்கிறது. இது அந்த வகை இல்லை.

இதையே போன மாசியில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே துணை ஆசிரியரின் குறிப்பு: "வண்டி கட்டும் பகுதி புதுமை. ஆனால் கோபம் தூக்கலாக இருக்கிறது. பெரியவர் மனம் மாறி, கடைசியில் அந்த வெல்டர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதாக முடித்தால் வாசகர்கள் நெகிழ்வார்கள்."

வாசகர்கள் நெகிழ வேண்டுமாம்! நெகிழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காபி சாப்பிடப் போக வேண்டும். நான் மறுபடியும் எழுதுகிறேன். இந்த முறை கோபம் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

என் பெயர் ஸத்யபாமா. மணவாள நகரில் இருக்கிறோம். கணவர் ஸம்பத்குமார் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாமனார் கிருஷ்ணஸ்வாமி திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்து ஓய்ந்தவர். பெயர்களையாவது மாற்று என்று கணவர் சொன்னார். நான் மாற்றவில்லை.

2

முதல் ஆரம்பம்: "1974, தை மாதம். அஹோபிலத்துக் காட்டுப் பாதையில் ஒரு ஜீப், பின்னால் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு..."

விட்டுவிட்டேன். காட்டிலிருந்து ஆரம்பித்தால் என் கை வெந்ததுதான் கதை என்று ஆகிவிடும். என் கை ஆறிவிட்டது.

இரண்டாவது ஆரம்பம்: "பாக்கியராஜ் ஓர் ஏழை வெல்டர். ஏழையானாலும் நாணயமான..."

அடித்துவிட்டேன். அந்த "ஆனாலும்" எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். என் பேனாவிலிருந்துதான் வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது: என் மாமனார் வெளியில் சாப்பிட மாட்டார்.

இதுதான் சரி. இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. மடியாக, அதாவது குளித்துத் துவைத்த துணி உடுத்தி, வேறு யார் மேலும் படாமல், நம் வீட்டார் கையால் சமைத்ததைத்தான் அவர் சாப்பிடுவார். அதனால் அறுபத்தெட்டு வயது வரைக்கும் அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களைத் தவிர எதையும் அவர் பார்த்ததில்லை. அஹோபிலம் போக வேண்டும், ஒன்பது நரசிம்மர்களையும் சேவிக்க வேண்டும் என்று ஒரே ஆசை. அங்கே அப்போது சரியான சாலை கிடையாது, தங்க இடம் கிடையாது. போய்ச் சேவித்து இறங்கக் குறைந்தது நாலு நாள் ஆகும்.

ராணுவ ஏலத்தில் என் கணவர் ஒரு பழைய ஜீப் எடுத்திருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது, "சமையலறையையே பின்னாடி கட்டி இழுத்துண்டு போனா என்னப்பா?" என்று கேட்டார். மாமனார் சாதத்தில் கையை வைத்தபடியே அவரைப் பார்த்தார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

3

வண்டியைக் கட்டியவர் பாக்கியராஜ். என் கணவரின் தொழிற்சாலையில் வெல்டர், ஆரம்பாக்கத்துக்காரர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். வீட்டையொட்டி இருந்த காலி இடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயில் பூசை முடிந்து வந்து வேலை செய்வார். ஏழு மாதம் ஆயிற்று.

(முதல் பிரதியில் அவரை "அவன்" என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். ஐம்பத்துமூன்று இடத்தில் திருத்தினேன். எங்காவது விட்டுப்போயிருந்தால் என்னைத் திட்டுங்கள்.)

என் கணவர் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். பாக்கியராஜ் அதை மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் வழியில் வேலை பார்த்தார். அவர் எதையும் காகிதத்தை நம்பிச் செய்வதில்லை. படுக்கைப் பலகை எத்தனை அடி? மனைவி மேரியைக் கூப்பிட்டுப் படுக்கச் சொல்வார்.

"காலு இடிக்குதா?"

"இடிக்குது."

"புரண்டு பாரு."

"தோ பாரு, கொழம்பு அடுப்புல கீது. சீக்கிரம் அளந்துக்கோ."

இப்படித்தான் ஒவ்வொன்றும். தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று பார்க்க அதன் கீழே மாவைத் தூவி ஒரு நாள் விட்டுவைத்தார். கதவு தாங்குமா என்று பார்க்க அதில் தானே தொங்கினார். ஓட்டிப் பார்க்காத வேலை முடிந்த வேலை இல்லை என்பது அவர் கட்சி.

சிக்கல் அடுப்புதான். கல்லும் பள்ளமுமான பாதையில் அடுப்பு சாயாமல் நிற்க வேண்டும். உச்சிவேளைக்குப் பெருமாளுக்கு அமுது படைத்தாக வேண்டும் என்பதால், அவசரத்துக்கு வண்டி ஓடும்போதே சமைக்கும்படி இருக்க வேண்டும் என்பது மாமனாரின் நிபந்தனை. மூன்று வாரம் பாக்கியராஜ் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஒரு நாள் ரயில்வே கேட்டில் ஒரு மாட்டுவண்டி நின்றிருக்கிறது. அடியில் அரிக்கேன் விளக்கு தொங்குகிறது. வண்டி மேட்டில் ஏறும்போது வண்டி சாய்ந்தது, விளக்கு சாயவில்லை. அன்றைக்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையம் செய்து, நடுவில் அடுப்பை உட்கார வைத்தார். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு தொட்டில் மாதிரி ஆடி நேராக நிற்கும்.

எந்தக் கல்லூரியிலும் படிக்காத ஒருவர் இதைச் செய்தார். என் கணவர் பொறியியல் டிப்ளமா. இந்த வாக்கியத்தை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

4

வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்திய அன்று தெருவே கூடிவிட்டது. மாமனார் பஞ்சகச்சத்தோடு வந்து சுற்றிப் பார்த்தார். படுக்கைகளை மடித்துக் காட்டினார் பாக்கியராஜ். தொட்டியைக் காட்டினார். கடைசியில், தாங்க முடியாத பெருமையோடு, அடுப்பைக் காட்டினார்.

"சாமி, இது ஆடுமே தவிர சாயாது. நா சொம்மா சொல்லல. டெஸ்டு பண்ணிக்கிறேன். மேரிய உள்ள குந்த வச்சி, கொழம்பு கொதிக்கசொல்லோ வண்டிய ஏரிக்கர மேல ஏத்தி எறக்கினேன். ஒரு சொட்டு சிந்தல சாமி!"

"என்ன கொழம்பு?" என்று கேட்டார் மாமனார்.

"மீன் கொழம்பு சாமி. மடவ மீனு. பழவேற்காட்லேந்து வந்தது."

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன். தன் வேலைக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சி இருக்க முடியாது என்று நம்பி அதை அவர் சொன்னார். கொதிக்கிற மீன் குழம்பு சிந்தவில்லை என்றால் வேறு எது சிந்தும்?

மாமனார் கத்தவில்லை. இரண்டு அடி பின்னால் போனார். "ஸம்பத்து, நான் ஸ்நானம் பண்ணணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். குளித்துவிட்டு வரும்போது தீர்ப்பு தயாராக இருந்தது. வண்டியை விட முடியாது. அஹோபிலம் போயாக வேண்டும். ஆகையால் சமையல் பகுதியை மட்டும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். புது இரும்பு, புது வளையம், கரி போட்டு மூட்டும் புதுக் கும்முட்டி அடுப்பு.

"அவனே பண்ணட்டும். வேற யாருக்கு இந்த வித்தை தெரியும்? ஆனா அடுப்பு மூட்டப்படாது. பாத்திரம் ஏத்தப்படாது. ஓட்டிப் பாக்கறேன் கீட்டிப் பாக்கறேன்னு எதுவும் கூடாது."*

*பாக்கியராஜ் கை பட்ட இரும்பு மட்டும் எப்படிச் சரியாகும்? வெல்டிங் செய்யும்போது நெருப்புப் படுகிறது, அதனால் சுத்தம் என்று மாமனார் விளக்கினார். அடுப்பிலும் நெருப்புதானே எரிகிறது என்று நான் கேட்டேன். கேட்டது அப்போது இல்லை. நாலு வருஷம் கழித்து, இந்தத் தாளில்.

5

இந்த இடத்தில் என் கணவர் பிரதியைப் படித்துவிட்டு வந்தார்.

"அப்பாவை ராட்சசன் மாதிரி பண்ணிட்டே."

"ராட்சசன்னு எங்கே எழுதியிருக்கேன்?"

"எழுதலை. ஆனா படிக்கறவா அப்படித்தான் நெனைப்பா. அப்பா ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நெனைச்சதில்லை. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் என் கஷ்டம். ராட்சசனாக இருந்திருந்தால் இந்தக் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். நான் ஜுரத்தில் கிடந்தபோது இரவெல்லாம் விசிறியவர் அவர். பொங்கலுக்குப் பாக்கியராஜுக்குப் புது வேட்டி எடுத்து வைத்தவரும் அவர்தான். அதைக் கொடுக்கும்போது, விரித்த கைகளுக்கு ஒரு முழம் மேலிருந்து போட்டார். வேட்டி விழுந்தது. பாக்கியராஜ் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். அன்பும் இருந்தது, அந்த ஒரு முழமும் இருந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

6

இப்போது பானை. எழுதக் கை வராத இடம் இதுதான். முதல் பிரதியில் இதை அடியோடு விட்டிருந்தேன்.

புது வளையங்களோடு பாக்கியராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலுக்கு எடுத்துப் போகும் வெண்கலப் பானையை நான் அப்போதுதான் தேய்த்துக் கையில் வைத்திருந்தேன்.

"அந்தப் பானய ஒரு தபா குடுங்கமா. தூக்கிப் பாத்துட்டு குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"மேல எவ்ளோ வெயிட்டு ஏறுதுன்னு தெரிஞ்சாதான் அடியில அவ்ளோ இரும்பு கட்டணும்மா. மேல வெயிட்டு கூடிச்சின்னா மொத்தமா கவுந்துடும். ஓட்டிப் பாக்க வாணான்னுட்டாங்க. பானயாச்சும் குடுங்க."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமனார் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், அந்தக் கனைப்பு போதுமாக இருந்தது எனக்கு.

"ஆறு கிலோ இருக்கும்" என்றேன்.

"தண்ணி, அரிசி அல்லாம் போட்டாமா?"

"ஆமாம்."

வெறும் பானையே ஆறு கிலோ. எனக்குத் தெரியும். நான் தினமும் தூக்குகிற பானை. அவர் சீக்கிரம் போனால் போதும் என்று அந்த "ஆமாம்" வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பானையையே பார்த்தார். "எதுக்கும் ரெண்டு கிலோ சேத்தே கட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பானையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புளி போட்டு அரை மணி நேரம் தேய்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அரை மணி நேரப் புளித் தேய்ப்பு! இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

7

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் ஆள்ளகட்டா தாண்டி அஹோபிலம் போகும் பாதையில் ஓர் ஓடை. முன்னால் ஜீப்பில் கணவரும் மாமனாரும். பின்னால் வண்டிக்குள் நான் மட்டும், அடுப்பில் சாதம் கொதிக்கிறது. உச்சிவேளை நெருங்குகிறது என்று அவசரம். இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அடுப்புத் தொட்டில் ஒரு பக்கம் ஆடியது, மறுபக்கம் ஆடியது, பிறகு பானையோடு தலைகீழாகத் திரும்பியது. கொதிக்கும் கஞ்சி இடது தோளிலிருந்து விரல்வரை...

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அனுதாபம் எனக்கு வந்து சேர்ந்தால் கதை கெட்டுவிடும்.)

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீழே விழுந்து கிடந்தபடி நான் அந்த அடுப்பைப் பார்த்தேன். அது கழன்று விழவில்லை. இரண்டு வளையமும் தத்தம் இடத்தில் இருந்தன. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு வெல்டிங்கூட விடவில்லை. படுக்கை, தொட்டி, கதவு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

மாமனார் ஓடிவந்து, மடியும் கிடியும் மறந்து, என் கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "அந்தப் பய வெல்டிங் விட்டுடுத்து, பாவி, விட்டுடுத்து" என்றார்.

கணவர் வளையங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்பாவைத் திருத்தவில்லை.

8

தொழிற்சாலையில் எல்லாரும் கேட்டார்கள், மனைவி கையில் என்ன கட்டு என்று. என்ன சொல்வார்? பானையை வெல்டர் தொடக் கூடாது என்பதால் எடை பார்க்கவில்லை என்றா? யூனியன் இருக்கிற இடம். "வெல்டிங் விட்டுடுத்து" என்றார். வீட்டுக்குள் இருந்த பொய் இப்படித்தான் கும்மிடிப்பூண்டிக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து, பாய்லர் வெல்டர் பரீட்சைக்கு ஐந்து பேரைத் திருச்சிக்கு அனுப்ப நிர்வாகம் பட்டியல் கேட்டது. தேறினால் வேறு வாழ்க்கை. எந்த ஊரிலும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுத வேண்டும். ஊரெல்லாம் சொன்ன பிறகு மாற்றி எழுத முடியுமா? பாக்கியராஜ் பெயருக்கு எதிரே என் கணவர் எழுதினார்: "கவனக்குறைவு. முக்கியமான வெல்டிங் வேலைக்கு ஏற்றவரல்ல."

எனக்கு இது தெரியாது. போன ஐப்பசியில் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் மேரியைப் பார்த்தேன். அவர் சொல்லித்தான் தெரியும்.

"இப்ப கிரைண்டிங்ல போட்டுட்டாங்கமா. வெல்டிங் மிசினயே தொட வுடறதில்ல. நாலு வருசமா அத்தயே நெனச்சிக்கினு ஒரே பேஜாரு. 'எங்க வுட்டுச்சி, எந்த ஜாயின்ட்ல வுட்டுச்சி'ன்னு ராத்திரில எழுந்து குந்திக்கினு கேக்கறாரு. நீங்க பாத்தீங்களே, எந்த ஜாயின்ட்டுமா?"

இந்தக் கதை பிறந்த இடம் அந்த பஸ் ஸ்டாண்டு. தன் கை செய்யாத தப்பை நாலு வருஷமாகத் தன் கையிலேயே தேடிக்கொண்டிருக்கிறார் ஒருவர். நாங்கள் மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

9

முடிவுகள்.

அ) பெரியவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். (துணை ஆசிரியரின் முடிவு. என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. குடிக்க மாட்டார். குடித்தாலும், தண்ணீர் குடித்ததற்காக ஒருவரைப் பாராட்டி எழுத என்னால் ஆகாது.)

ஆ) பாக்கியராஜ் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்து வண்டியை உடைக்கிறார். (உங்களில் சிலருக்குப் பிடிக்கும். தான் செய்த எதையும் அவர் உடைக்க மாட்டார்.)

இ) நான் பானையைக் கொடுக்கிறேன். (இதை நாலு பக்கம் எழுதினேன். நான் வாசற்படி தாண்டிப் பானையை நீட்டுகிறேன். அவர் தூக்கிப் பார்த்து, "பதினாலு வரும்மா, தண்ணியோட" என்கிறார். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவைதாம். கிழித்துப் போட்டேன். அதில் நான் கதாநாயகி ஆகிவிட்டேன்.)

பிறகு, பிரதியை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்குப் போனேன். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களுக்குப் படித்துக் காட்டுவது நியாயம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மன்னித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வார்கள், அதையே முடிவாக வைத்துக்கொள்ளலாம் என்றும் ஓர் ஓரத்தில் நினைத்திருந்தேன். மேரி டீ கொடுத்தார். குடித்தேன். (கை தட்ட வேண்டாம்.)

மீன் குழம்பு வந்தபோது பாக்கியராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "மடவ இல்லமா, கெழங்கா" என்று திருத்தினார். பானை வந்தபோது சிரிப்பு நின்றது.

"வெறும் பானயே ஆறு கிலோவாமா?"

"ஆமாம்."

"தண்ணியோட பதினாலு இருந்திருக்குமா?"

"இருக்கும்."

அவர் எழுந்துபோய் வாசலில் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் இன்னொரு கையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப வுடல" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. "எந்த ஜாயின்ட்டும் வுடல."

மேரி அழவில்லை. என் கையிலிருந்த தாள்களைப் பார்த்துக் கேட்டார். "இது புஸ்தகத்துல வந்தா கம்பெனில படிப்பாங்களாமா?"

"தெரியாது."

"அப்ப இத்த இன்னாத்துக்குமா எழுதினீங்க?"

நான் தாள்களை மடித்தேன். மேரியே தொடர்ந்தார்.

"சார் ஒரு பேப்பர்ல ரெண்டு வரி எழுதி, கையெழுத்து போட்டா போதும்மா. திருச்சிக்கி மறுபடியும் ஆளு அனுப்பறாங்க. பதினஞ்சாம் தேதி லிஸ்டு குடுக்கணுமாம்."

10

இத்தனை பக்கம் எழுதினேன். வேண்டியிருந்தது இவ்வளவுதான்:

"1974இல் வெல்டர் பாக்கியராஜைப் பற்றி நான் எழுதிய குறிப்பு தவறானது. அவர் செய்த எந்த வெல்டிங்கும் விடவில்லை. எடை பார்க்க அவர் கேட்ட பாத்திரத்தை என் வீட்டில் கொடுக்கவில்லை. விபத்துக்கு அதுவே காரணம். பாய்லர் வெல்டர் பரீட்சைக்கு அவரை அனுப்பப் பரிந்துரைக்கிறேன்."

இதைத் தனித் தாளில் எழுதிக் கணவரின் மேஜையில் வைத்தேன். படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"கதைல என்ன வேணா எழுதிக்கோ பாமா, நான் தடுக்கலை. இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது? அப்போ ஏன் பொய் எழுதினேன்னு கேப்பாளே."

"கேப்பா."

"என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவா."

"அவருக்கு வெச்சாச்சே."

இன்று பதினொன்றாம் தேதி. அவர் இன்னும் மேஜை எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். தாள் முன்னால் இருக்கிறது. பேனா மூடியைத் திறக்கிறார், மூடுகிறார். நான் அடுத்த அறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு மணித் தபாலில் சேர்த்துவிடுவேன். அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பதினைந்தாம் தேதி போய்விட்டிருக்கும்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. துணை ஆசிரியரே, நெகிழ்வான முடிவுதான் வேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாசகர்களே, நீங்களும் எழுதலாம்; எந்த முடிவானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுதியதை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்குப் போய், மேரிக்கு எதிரே உட்கார்ந்து, நீங்களே படித்துக் காட்ட வேண்டும்.